பனி தங்குகிற பள்ளம்

வணக்கம் அண்ணா,

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் நாங்கள் இருக்கிற லய வீடுகளுக்குக் கீழே ஒரு சதுப்புப் பள்ளம் இருக்கிறது. அதில் பாதியை நிரப்பி காஸ் சிலிண்டர் களஞ்சியம் கட்டப்போவதாகவும், மீதியைச் சுற்றுலாக்காரருக்கு ஈரநிலப் பூங்கா ஆக்கப்போவதாகவும் கதை. ஆட்கள் வந்து அளந்து முளையும் அடித்துவிட்டார்கள். மாதர் சங்கத்தில் நாங்கள் வேண்டாம் என்கிறோம். தம்பியோ, "2022இல காஸ் வரிசையில நின்றது மறந்துபோச்சா? நாலு பேருக்கு வேலையும் வரும்" என்கிறான். தலைவர்மாரும் பேசாமல் இருக்கச் சொல்கிறார்கள். நாங்கள் செய்வது பிழையா?

ஒரு வாசகி, பதுளை மாவட்டம்

அன்புள்ள தங்கச்சி,

பிழையே இல்லை. ஆனால் தம்பி சொல்வதையும் தட்டிவிடாதீர்கள். 2021 கடைசியில் வீடுகளுக்குள் காஸ் அடுப்பு வெடித்த செய்திகள் வந்தபோது பயந்து விறகுக்குத் திரும்பினோம், அடுத்த வருஷம் வெறும் சிலிண்டரை ரோட்டோரம் சங்கிலி போட்டுக் கட்டிவிட்டு நாள்கணக்கில் காத்திருந்தோம். காஸ் வேண்டும், அதை எங்கேயாவது வைக்கவும் வேண்டும். எங்கே, யாருடைய வாசலில் என்பதில்தான் சண்டை.

சமையல் காஸ் காற்றைவிடப் பாரமானது. கசிந்தால் புகை மாதிரி மேலே போய்க் கலையாது, தண்ணீர் மாதிரி பள்ளம் தேடும், கான் வழியே இறங்கும். காலையில் கொழுந்துக்குப் போகும்போது பனி எந்த இடத்தில் வெகுநேரம் அசையாமல் கிடக்கிறது என்று உங்களுக்குத் தெரியும்தானே, காஸும் அங்கேதான் போய்த் தங்கும். 1984 நவம்பரில் மெக்சிக்கோ நகருக்குப் பக்கத்தில் சான் ஹுவானிக்கோ என்ற இடத்தில் காஸ் தொட்டிகள் வெடித்து சுமார் 500 பேர் செத்தார்கள், ஏனென்றால் ஏழைகளின் வீடுகள் அதை ஒட்டியே இருந்தன. உங்கள் ஊருக்கு வருவது அவ்வளவு பெரியதாக இருக்காது. ஆனாலும் கடைசி லயத்துக்கும் களஞ்சியத்துக்கும் எவ்வளவு தூரம் என்று யாராவது உங்களுக்குச் சொன்னார்களா?

அடுத்தது தண்ணீர். மழையை உறிஞ்சி வைத்துக்கொண்டு வெயில் காலத்தில் கொஞ்சம் கொஞ்சமாக விடுவது அந்தச் சதுப்பு. அதற்குக் கீழே தண்ணீர் பிடிக்கிற பீலி எத்தனை இருக்கிறது, எத்தனை குடும்பம் அதை நம்பியிருக்கிறது என்று முதலில் பாருங்கள். மலையில் நிலத்தடி நீரோடு விளையாடினால் என்ன ஆகும் என்பதற்கு வெகுதூரம் போகவேண்டாம், பண்டாரவளைக்குப் போனால் போதும். உமா ஓயா நீர்த் திட்டத்துக்காகத் தோண்டிய சுரங்கத்தில் 2014 இறுதியில் தண்ணீர் பீறிட ஆரம்பித்த பிறகு சுற்றுவட்டாரத்தில் கிணறுகள் வற்றின, வீட்டுச் சுவர்களில் வெடிப்பு விழுந்தது. 2017இல் சனம் ரோட்டுக்கு வந்தது. தோண்டுவதற்கு முன்பே கேட்டிருக்கவேண்டிய கேள்விகளை சுவரில் வெடிப்பு விழுந்த பிறகுதான் கேட்க முடிந்தது, எனக்கு அதை நினைத்தால் இன்றைக்கும் ஆறாது.

பூங்கா என்றதும் சிலர் மனம் இளகும். சதுப்பைக் காப்பாற்றத்தானே என்று தோன்றும். ஆனால் கொழும்புக்கு வடக்கே கெரவலப்பிட்டிய காஸ் முனையம் இருப்பதே முத்துராஜவெல ஈரநிலத்தின் ஓரத்தில்தான். 1996இல் அந்த ஈரநிலத்தின் வடக்குப் பகுதியைச் சரணாலயமாக்கினார்கள், அப்படியிருந்தும் நிரப்புவது நிற்கவில்லை. 2021இல் அந்தக் காணிகளை நகர அபிவிருத்தி அதிகார சபையின் கீழ் கொண்டுவர வர்த்தமானி வந்தபோதும் காரணமாகச் சொல்லப்பட்டது பாதுகாப்புத்தான். காணிக்காரர்கள் நம்பவில்லை, கர்தினால் மெல்கம் ரஞ்சித் உயர் நீதிமன்றத்துக்குப் போனார். அங்கே கையில் காணி உறுதிப் பத்திரம் வைத்திருந்தவர்களும் பின்னால் நிற்கத் திருச்சபையும் இருந்தது. நமக்கு?

இதுதான் என் மனசை அறுக்கிற விஷயம். லயத்துக்கு உறுதி இல்லை. காணி அரசுடையது, 1992இல் இருந்து குத்தகை கம்பனியுடையது. அந்தப் பள்ளம் எந்தக் கடதாசியிலும் பயிரில்லாத நிலம் என்றுதான் இருக்கும். அங்கே தண்ணீர் எடுக்கிற, கீரை பறிக்கிற, மாட்டுக்குப் புல் அறுக்கிற ஐந்து தலைமுறை ஆட்கள் அதில் வரமாட்டார்கள். ஆகவே உங்கள் எதிர்ப்பு முதலில் கடதாசியில் ஏறவேண்டும், கொடி பிடிப்பதெல்லாம் அப்புறம்.

2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் சட்டப்படி பிரதேச செயலகத்துக்கும் மத்திய சுற்றாடல் அதிகார சபைக்கும் தமிழிலேயே எழுதுங்கள். இப்படி ஒரு திட்டம் இருக்கிறதா, யார் கேட்டது, எவ்வளவு காஸ், மண்சரிவு பற்றி தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் என்ன சொன்னது. தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் அவர்கள் முடிவு சொல்லவேண்டும். எல்லாத் திட்டத்துக்கும் சுற்றாடல் தாக்க மதிப்பீடு கட்டாயமில்லை, இதற்கு உண்டா என்றும் கேளுங்கள். உண்டு என்றால் அறிக்கை வெளியானதிலிருந்து பொதுமக்கள் கருத்துச் சொல்ல 30 நாள்தான், பத்திரிகையில் தமிழிலும் அறிவித்தல் வரவேண்டும். அந்த 30 நாளைத் தவறவிட்டு பிறகு மறியல் செய்த ஊர்களை நான் பார்த்திருக்கிறேன்.

தலைவர்மாரோடு இப்போது சண்டைக்குப் போகாதீர்கள், கையெழுத்து மட்டும் கேளுங்கள். முளையிலிருந்து கடைசி லயம் எத்தனை அடி என்று தம்பியையே அளக்கச் சொல்லுங்கள். பீலிக்கு வருகிற வீடுகளை மாதர் சங்கம் ஒரு கொப்பியில் எழுதட்டும். இரண்டும் வந்ததும் எனக்கு அனுப்புங்கள், சிங்களத்திலும் சேர்த்து எழுதித் தர இங்கே ஆட்கள் இருக்கிறார்கள்.