கோபிசெட்டிபாளையத்துல இருக்கோம். கேன்சருக்கு கீமோ நடக்கறப்ப அம்மாளுக்கு கொரோனா பாசிட்டிவ், கீமோ போட்டு பத்து நாளாச்சு, காய்ச்சல் விட்டு விட்டு வருது, பொழச்சுக்குவாங்களா?

பெரும்பாலானவங்க பொழச்சுக்கறாங்க, தைரியமா இருங்க. 2020ல லான்செட்ங்கற மருத்துவ இதழ்ல வந்த ஆய்வுல கேன்சரோட கொரோனாவும் வந்த 928 பேர்ல 13 சதவீதம் பேருதான் ஒரு மாசத்துக்குள்ள எறந்தாங்க, அதுவும் தடுப்பூசி வர்றதுக்கு முந்தி.

காய்ச்சல் விட்டு விட்டு வருதுங்கறீங்களே, அது கொரோனாவாத்தான் இருக்கோணும்னு இல்லீங்க, கீமோ போட்டு பத்து நாள்னா வெள்ளணு எறங்கி வேற கிருமி தொத்தியிருக்கலாம், எனக்கு பயமே அதுதானுங்க. பாராசிட்டமால் குடுக்கறதுக்கு முந்தியே தர்மாமீட்டர் வெச்சுப் பாருங்க, மாத்திரை காய்ச்சல மறச்சுரும். 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் தொட்டாலோ, வெரல்ல மாட்டி ஆக்சிஜன் அளவு பாக்கற ஆக்சிமீட்டர்ல (நகப்பூச்சு இருந்தா அழிச்சுட்டு வெய்ங்க) 94க்கு கீழ எறங்குனாலோ விடியட்டும்னு இருக்காதீங்க, கீமோ போடற ஆஸ்பத்திரிக்கு போன் அடிச்சுட்டு ராத்திரியே கோபில இருந்து வண்டி எடுத்துருங்க.

ரத்தக் கேன்சர், வயசு, வேற வியாதி இருந்தா ஆபத்து கூடுமுங்க. அடுத்த கீமோவ தள்ளிப்போடறத டாக்டர் சொல்லட்டும், நீங்களா நிறுத்திராதீங்க.