ஊரில் அப்பாவைத் தனியாகப் பார்த்துக்கொள்ளும் அம்மாவுக்கு, துபாயிலிருந்து எப்படித் துணையாக இருப்பது?

அப்பாவுக்கு அல்சைமர் என்ற மறதி நோய். 66 வயது அம்மா திருநெல்வேலியில் தனியாகப் பார்த்துக்கொள்கிறார். போன் செய்தால் "நான் நல்லாத்தான் இருக்கேன்" என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது என்கிறீர்கள்.

முதலில் அழைக்கும் நேரத்தை மாற்றுங்கள். நீங்கள் வேலை முடிந்து ஆறு மணிக்கு அழைத்தால் அங்கே ஏழரை. மறதி நோய் உள்ள பலருக்குச் சாயங்காலத்தில்தான் தடுமாற்றம் கூடும். "வீட்டுக்குப் போகணும்" என்று அப்பா வாசலுக்குப் போவார், அம்மா போனை ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டு பின்னாலேயே ஓடுவார். அப்பா காதில் விழும்போது அம்மா வேறென்ன சொல்ல முடியும்? அப்பா தூங்கும் மதியம் இரண்டரைக்குக் கூப்பிடுங்கள். துபாயில் அப்போது ஒரு மணி. வீடியோ வேண்டாம். வாரம் இரண்டு முறை, இருபது நிமிடம் போதும். அதில் அப்பாவைப் பற்றி விசாரிக்காதீர்கள். அதற்கு வேறு நாள் வைத்துக்கொள்ளுங்கள்.

"எப்படி இருக்க?" என்றால் பழைய பதில்தான் வரும். எண்ணிக்கை வரும்படி கேளுங்கள். "நேத்து ராத்திரி எத்தனை தடவை எழுந்த?" "மதியம் எத்தனை மணிக்குச் சாப்பிட்ட?" "உன் பிரஷர் மாத்திரை இன்னும் எத்தனை இருக்கு?" இந்தக் கடைசிக் கேள்வி முக்கியம். அப்பாவின் மருந்துச் சீட்டு மாதம் தவறாமல் கடைக்குப் போகும். அம்மாவின் மாத்திரை தீர்ந்து பத்து நாளானாலும் வீட்டில் யாருக்கும் தெரியாது. பதில்களைத் தேதியோடு குறித்து வைத்தால் மூன்று வாரத்தில் எது மோசமாகிறது என்று பிடிபடும்.

யோகா செய், வாக்கிங் போ என்று சொல்லாதீர்கள். இருக்கிற வேலையோடு அதுவும் ஒரு வேலையாகச் சேரும். அம்மாவுக்கு வேண்டியது நேரம். வாரம் இரண்டு நாள், மூன்று மணி நேரத்துக்கு ஓர் ஆள் போடுங்கள். முதல் இரண்டு வாரம் அந்த ஆள் இருக்கும்போது அம்மாவும் வீட்டிலேயே இருக்கட்டும். புது முகத்திடம் விட்டுவிட்டு முதல் நாளே வெளியே போனால் அப்பா மிரண்டு சத்தம் போடுவார், அம்மாவும் "ஆளே வேண்டாம், நானே பாத்துக்கறேன்" என்று முடித்துவிடுவார். ஆள் பழகிய பிறகு வரும் சிக்கல் வேறு: கிடைத்த மூன்று மணி நேரமும் மருந்துக்கடை, கரண்ட் பில், சிலிண்டர் என்றே கரைந்துபோகும். இதையெல்லாம் துபாயிலிருந்து ஆன்லைனில் நீங்களே முடிக்கலாம். அம்மா போனுக்கு ஓடிபி வரும் வேலைகளை மட்டும் அந்த மதிய அழைப்பின்போது செய்யுங்கள்.

உலக சுகாதார நிறுவனம் 2019இல் 'ஐசப்போர்ட்' என்ற பயிற்சியை வெளியிட்டது. மறதி நோயாளிகளைப் பார்த்துக்கொள்பவர்களுக்கானது. 5 பகுதி, 23 பாடம். மூன்றாம் பகுதி முழுக்க, பார்த்துக்கொள்பவர் தன்னைக் கவனித்துக்கொள்வது பற்றியது. இதன் இந்திய வடிவத்தைச் சோதித்தபோது, பலர் பாதியில் விட்டுவிட்டார்கள். லிங்க் அனுப்பிவிட்டால் அம்மா படித்துவிடுவார் என்று நினைக்க வேண்டாம். நீங்கள் படியுங்கள். வாரம் ஒரு விஷயத்தை ஐந்து நிமிட வாய்ஸ் மெசேஜாக, வீட்டில் பேசுகிற தமிழில் அனுப்புங்கள்.

அம்மாவுக்கு இரண்டு வாரமாகப் பெரும்பாலான நாள் எதிலும் ஈடுபாடில்லை, மனசு கனமாகவே இருக்கிறது என்றால் அதை வெறும் அலுப்பு என்று தள்ளிவிடாமல் டாக்டரிடம் காட்டுங்கள். அப்பாவின் தூக்க மாத்திரையை அம்மா எடுத்துப் போட்டுக்கொள்கிறாரா என்றும் கேளுங்கள், நடக்கிற விஷயம்தான். "ரெண்டு பேரும் சேர்ந்தே போயிட்டா தேவலை" என்ற பேச்சு வந்தால் பதறிப் பேச்சை மாற்றாதீர்கள். சாகணும்னு தோணுதா என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் இல்லாத எண்ணம் வந்துவிடாது. மத்திய அரசின் மனநல உதவி அழைப்புச் சேவையான டெலிமானஸின் எண் 14416: இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழிலும் பேசலாம். இந்தியாவுக்குள்ளிருந்து அழைக்கும் எண் அது. அதனால் அம்மா போனிலும் பக்கத்து வீட்டுக்காரர் போனிலும் இப்போதே பதிந்து வைக்கச் சொல்லுங்கள். வீட்டுச் சாவி ஒன்றும் அந்தப் பக்கத்து வீட்டில் இருக்கட்டும்.