படிக்கப் போடும் கண்ணாடி எத்தனை முறை துடைத்தாலும் மங்கலாகவே இருக்கிறதே, எப்படிச் சுத்தம் செய்வது?

நாள் முழுக்கப் படிக்கிற வேலை, மணிக்கு ஒரு தடவை சட்டை நுனியில் துடைக்கிறேன், அப்படியும் எழுத்தின் மேல் பனி மூடினாற்போலவே இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கும் இது பல வருடங்கள் இருந்த தொல்லை. மெய்ப்புத் திருத்துவது என் தொழில். காலையில் மூக்கில் ஏறும் கண்ணாடி படுக்கப் போகும்போதுதான் இறங்கும். உங்களுக்கு ஒரே வரியில் பதில் சொல்ல வேண்டுமென்றால், துடைப்பதை நிறுத்துங்கள், கழுவ ஆரம்பியுங்கள். துணியை எடுப்பது கடைசியில், ஈரத்தை ஒற்றி எடுக்க மட்டும்தான். காரணம் தெரிந்தால்தான் இது பழக்கமாக நிற்கும் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் ஒன்று செய்து பாருங்கள். இப்போதுதான் துடைத்த கண்ணாடியைக் கழற்றி, கறுப்பாக இருக்கும் ஏதாவது ஒன்றுக்கு முன்னால் பிடித்து, விளக்கு வெளிச்சம் லென்ஸின் மேல் சாய்வாக விழும்படி மெல்லத் திருப்புங்கள். துணி போன வழியெல்லாம் வளைவு வளைவாக ஒரு பிசுக்கு தெரியும். ஓரத்தில் கட்டைவிரல் ரேகை அப்படியே இருக்கும். அப்புறம் உள்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். இமை முடி தொட்டுத் தொட்டு இழுத்த சன்னமான கோடுகள், மூக்கை ஒட்டிய மூலையில் வியர்வை காய்ந்த வெள்ளைப் பொடி. பெரும்பாலும் நாம் முன்பக்கத்தைத்தான் அழுத்தித் துடைக்கிறோம். அழுக்கு அதிகம் சேர்வதென்னவோ கண்ணை ஒட்டிய பக்கத்தில்தான்.

கண்ணாடியைப் போட்டிருக்கும்போது இது எதுவும் அழுக்காகத் தெரியாது. லென்ஸ் கண்ணிலிருந்து 12 முதல் 14 மில்லிமீட்டர் தள்ளித்தான் இருக்கிறது. அவ்வளவு பக்கத்தில் இருக்கும் ஒன்றைக் கண்ணால் குவித்துப் பார்க்க முடியாது. அந்தப் பிசுக்கு வெளிச்சத்தைச் சிதறடிப்பது மட்டும் உறைக்கும். கறுப்பு எழுத்து சாம்பல் நிறமாகும், தாளின் வெண்மை எழுத்துக்குள் கசியும். நமக்கோ கண் சோர்ந்துவிட்டது போலவும், பவர் கூடிவிட்டது போலவும் தோன்றும்.

தமிழ் படிப்பவர்களுக்கு இதில் கூடுதல் சிரமம் ஒன்று உண்டு. நம் எழுத்தில் முதலில் காணாமல் போவது மெய்யெழுத்தின் மேலிருக்கும் புள்ளி. சின்ன எழுத்தில், சுமாரான அச்சில், லென்ஸும் பிசுக்காக இருந்தால் புள்ளி இருக்கிறதா இல்லையா என்று கண்ணால் தீர்மானிக்க முடியாது. பழக்கத்தால் மனம்தான் அதை வைத்துப் படிக்கும். ஒருமுறை 'பல் வலி' என்று இருக்க வேண்டிய இடத்தில் 'பல வலி' என்றே அச்சுக்குப் போய்விட்டது. அந்தப் பக்கத்தை நான் இரண்டு தடவை பார்த்திருந்தேன். மறுநாள் காலை கண்ணாடியைக் கழுவிவிட்டு அதே தாளை எடுத்தால், புள்ளி இல்லாதது முதல் பார்வையிலேயே தெரிகிறது. அன்றிலிருந்து லென்ஸ் சுத்தமாகிவிட்டதா என்று பார்க்க நான் விளக்கைத் தேடுவதில்லை. சின்ன எழுத்தில் அச்சடித்த தாள் ஒன்றை எடுத்து, புள்ளிகள் தனித்தனியாக நிற்கின்றனவா என்று பார்க்கிறேன்.

சரி, துடைத்தால் ஏன் போவதில்லை? லென்ஸில் இருப்பது பெரும்பாலும் எண்ணெய்ப்பசை. விரல் நுனியில் எண்ணெய்ச் சுரப்பி கிடையாது, உள்ளங்கையிலும் கிடையாது. முகத்தையும் முடியையும் தொட்ட கையால் கண்ணாடியைத் தொடுகிறோம், அந்த எண்ணெய் லென்ஸுக்கு வந்துவிடுகிறது. உலர்ந்த துணி இந்த எண்ணெயைக் கொஞ்சம்தான் உறிஞ்சும். மீதியை லென்ஸ் முழுக்கப் பரப்பிவிடும். ஓரத்தில் இருந்த ஒரு விரல் ரேகை படிக்கிற இடத்துக்கு நேராக வந்து உட்காரும்.

அதைவிடப் பெரிய கேடு தூசு. காற்றில் பறக்கும் தூசில் நுண்ணிய மணல் துகள் இருக்கும், அதாவது குவார்ட்ஸ். கடினத்தை அளக்கும் மோஸ் அளவுகோலில் அது 7. ஜன்னல் கண்ணாடியே ஏறக்குறைய 5.5தான். நம் மூக்கில் இருப்பதோ அந்தக் கண்ணாடிகூட இல்லை, பெயரளவில்தான் கண்ணாடி. இன்று பெரும்பாலான லென்ஸ்கள் பிளாஸ்டிக். சி.ஆர்.39 என்ற பிளாஸ்டிக் 1940இல் வந்தது, கொலம்பியா ரெசின் என்ற வரிசையில் 39ஆவது கலவை என்பதால் அந்தப் பெயர். எடை குறைவு, கீழே விழுந்தால் சில்லு சில்லாகச் சிதறாது. ஆனால் கீறலைத் தாங்காது. பாலிகார்பனேட் என்ற இன்னொரு பிளாஸ்டிக்கில் செய்த லென்ஸ் அதைவிட மென்மையானது. அதனால்தான் மேலே கெட்டியான பூச்சு ஒன்று கொடுக்கிறார்கள். அந்தப் பூச்சு இருந்தாலும், மணல் துகளைத் துணிக்கு அடியில் வைத்து அழுத்தித் தேய்த்தால் அது உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பதேதான்.

நான் அப்படித்தான் ஒரு கண்ணாடியை இழந்தேன். புதிதாகப் போட்டு ஒரு வருடம்கூட ஆகவில்லை. இரவில் தெருவிளக்கைப் பார்த்தால் விளக்கைச் சுற்றிச் சிலந்தி வலை பின்னினாற்போல ஒளி. பவர் மாறிவிட்டது என்று நினைத்துக் கண்ணாடிக் கடைக்குப் போனேன். கடைக்காரர் லென்ஸை விளக்குக்கு நேராகப் பிடித்து, "சார், சட்டையில் துடைக்கிறீர்களா?" என்றுதான் முதலில் கேட்டார். வட்ட வட்டமாக நூற்றுக்கணக்கில் மயிரிழைக் கீறல்கள், எல்லாம் நடுவில், பார்வை போகும் இடத்தில். கீறல் விழுந்துவிட்டால் அதற்கு வைத்தியம் இல்லை. பற்பசை போட்டுத் தேய்த்தால் போகும் என்று சொல்வதை நம்பாதீர்கள். பற்பசையில் இருப்பதே தேய்க்கும் துகள்தான், இருக்கிற கோட்டிங்கையும் எடுத்துவிடும்.

இனி கழுவும் விதம். முதலில் உங்கள் கையைக் கழுவுங்கள், எண்ணெய்க் கையோடு ஆரம்பித்தால் பலனில்லை. குழாயை மெல்லத் திறந்து, ஓடும் தண்ணீரில் கண்ணாடியை அரை நிமிடம் காட்டுங்கள். இப்போது எதையும் தேய்க்கக் கூடாது. தூசும் மணலும் தண்ணீரோடு போகட்டும். இந்த அரை நிமிடம்தான் மிக முக்கியம். அப்புறம் பாத்திரம் கழுவும் திரவம் ஒரே ஒரு சொட்டு விரல் நுனியில் எடுத்து, லென்ஸின் இரண்டு பக்கமும் மெல்லத் தேயுங்கள். சோப்பு மூலக்கூறின் ஒரு முனை எண்ணெயைப் பிடித்துக்கொள்ளும், மறுமுனை தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும். எண்ணெய் பரவாமல் லென்ஸை விட்டு நீங்குவது அதனால்தான். லென்ஸ் ஃபிரேமில் உட்காரும் விளிம்பு, மூக்கில் படும் பேட், காதுக்குப் பின்னால் வளையும் கம்பி எல்லாவற்றிலும் விரலை ஓட்டுங்கள். அங்கே தங்கும் பிசுக்குத்தான் அரை மணி நேரத்தில் மறுபடி லென்ஸுக்கு வரும்.

பிறகு அலசுங்கள். விரலுக்கே வித்தியாசம் தெரியும். பிசுக்கு இருக்கும்வரை விரல் வழுக்கிக்கொண்டு போகும், போய்விட்டால் பிடித்துப் பிடித்து நகரும். தண்ணீரும் காட்டிக்கொடுக்கும். லென்ஸில் ஓரிடத்தில் தண்ணீர் முத்தாகவும் பக்கத்திலேயே படலமாகவும் நின்றால் இன்னும் எண்ணெய் பாக்கி இருக்கிறது. பரப்பு முழுக்க ஒரே மாதிரி வழிந்தால் முடிந்தது. கண்ணாடியை ஒரு உதறு உதறி, சுத்தமான துணியால் உடனே ஒற்றி எடுங்கள். தானாகக் காயட்டும் என்று விட்டால் தண்ணீரில் உள்ள உப்பு வெள்ளை வளையமாகப் படிந்துவிடும்.

குளியல் சோப்பு வேண்டாம். அதில் தோலுக்காகச் சேர்க்கும் எண்ணெயும் கிரீமும் லென்ஸில் ஒரு படலமாக நின்றுவிடும். பாத்திரத் திரவத்திலும் கைக்கு மென்மை தருவது என்று போட்டிருப்பதைத் தவிருங்கள். வெந்நீர் கூடவே கூடாது. பிளாஸ்டிக் சூட்டில் நன்றாக விரியும், மேலே இருக்கும் கோட்டிங் அந்த அளவுக்கு விரியாது. வற்றிய குளத்துத் தரை வெடிப்பது போலக் கோட்டிங் முழுக்கப் பொடிப்பொடி வெடிப்பாகிவிடும். வெயிலில் நிற்கும் காருக்குள் கண்ணாடியை விட்டுப் போனாலும் இதே கதிதான்.

எதிரொளியைக் குறைக்கும் ஆன்டி ரிஃப்ளெக்‌ஷன் கோட்டிங் போட்ட கண்ணாடி சீக்கிரம் அழுக்காகிறது என்று நிறையப் பேர் குறைப்படுகிறார்கள். அழுக்கு அதே அளவுதான், இதில் நன்றாகத் தெரிகிறது, அவ்வளவுதான். கோட்டிங் இல்லாத சாதாரண பிளாஸ்டிக் லென்ஸ் ஒவ்வொரு பரப்பிலும் சுமார் 4 சதவீத வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும், இரண்டு பக்கமும் சேர்த்தால் 8. கோட்டிங் போட்டால் அது ஒன்றுக்கும் கீழே இறங்கிவிடும். 1935இல் ஜெர்மனியின் ஸைஸ் நிறுவனத்தில் அலெக்சாண்டர் ஸ்மாகுலா காப்புரிமை எடுத்த முறையிலிருந்து வளர்ந்தது இது. அந்தப் படலங்கள் எல்லாம் சேர்ந்தும் ஒரு தலைமுடியின் தடிமனில் நூறில் ஒரு பங்குகூட இருக்காது. படலத்தின் தடிமன் கணக்காக இருப்பதால்தான் எதிரொளி அணைகிறது. அதன் மேல் எண்ணெய் ஏறினால் கணக்குக் கெடும், அந்த இடம் மட்டும் பளபளவென்று தனியாகத் தெரியும். என்னைக் கேட்டால் இது நல்லதுதான், கழுவ வேண்டிய நேரத்தை அதுவே சொல்லிவிடுகிறது. ஜன்னல் துடைக்கும் அமோனியா கலந்த திரவம், வினிகர், எலுமிச்சை, நகப்பூச்சு அழிக்கும் அசிட்டோன் எதையும் இந்தக் கோட்டிங்கின் பக்கத்தில் கொண்டுபோகாதீர்கள்.

துணி பற்றி. கடையில் கண்ணாடியோடு தரும் மைக்ரோஃபைபர் துணி நல்ல துணிதான். அதன் இழைகள் மிக மெல்லியவை, எண்ணெயைத் தன் இடுக்குகளில் இழுத்து வைத்துக்கொள்ளும். பிரச்சினை என்னவென்றால் யாரும் அதைத் துவைப்பதில்லை. மாதக்கணக்கில் பெட்டிக்குள் கிடக்கும் துணி தான் வாங்கிய எண்ணெயைத் திரும்பக் கொடுக்க ஆரம்பித்துவிடும். வாரம் ஒருமுறை சாதாரணச் சோப்புத் தூளில் துவைத்து நிழலில் காயப் போடுங்கள். துணியை மிருதுவாக்கும் திரவம் மட்டும் வேண்டாம், அதன் படலம் அப்படியே லென்ஸில் இறங்கும். இரண்டு மூன்று துணி வைத்துக்கொண்டால் மாற்றிக்கொள்ள வசதி. டிஷ்யூ தாள் மெத்தென்று இருந்தாலும் மரக்கூழ் இழைதான், லென்ஸுக்கு ஆகாது.

துடைக்கும்போது எந்த லென்ஸைத் துடைக்கிறீர்களோ அந்த லென்ஸின் விளிம்பையே பிடித்துக்கொள்ளுங்கள். இடது காதுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு வலது லென்ஸைத் தேய்த்தால் நடுப்பாலம் கொஞ்சம் கொஞ்சமாக முறுகும். ஃபிரேம் கோணினால் லென்ஸின் மையம் கண்ணுக்கு நேராக நிற்காது. அப்புறம் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் படிக்கையில் கண் இழுக்கும்.

வெளியில் இருக்கும்போது குழாயும் சோப்பும் கிடைக்காது. அப்போது தூசை ஊதிவிட்டு, லென்ஸுக்கென்றே விற்கும் ஈரத்தாளால் மெல்லத் துடைக்கலாம். வாயால் ஆவி விட்டுத் துடைப்பது உலர்வாகத் துடைப்பதைவிடப் பரவாயில்லை, ஆனால் அந்த ஈரம் மணலைக் கழுவிப் போகப் போதாது. நான் காலையில் ஒருமுறை, மாலையில் படிக்க உட்காரும் முன் ஒருமுறை கழுவுகிறேன். ஒரு தடவைக்கு இரண்டு நிமிடம்தான். நடுவில் கண்ணாடியைத் துடைக்கத் தோன்றுவதே இல்லை. மூக்கு பேட் பக்கத்தில் பச்சையாகப் படிந்தால், ஃபிரேம் உலோகத்தில் உள்ள தாமிரத்தை வியர்வை அரித்ததால் வருவது அது. மெல்லிய பழைய பல்துலக்கியால் பேட்டை மட்டும் தேயுங்கள், லென்ஸில் பட்டுவிடக் கூடாது. மஞ்சளித்துப்போன பேட்டை மாற்றிவிடுவதே நல்லது.

இன்னொன்று சொல்ல வேண்டும், உங்களுக்கு இது தேவைப்படாமல் போகட்டும். சரியாகக் கழுவியும் மங்கல் போகவில்லை என்றால் கண்ணாடியை மூக்கில் லேசாக மேலும் கீழும் நகர்த்திப் பாருங்கள். மங்கலும் கூடவே நகர்ந்தால் அது லென்ஸில் இருக்கிறது. நகராமல் அங்கேயே நின்றால், ஒரு கண்ணை மூடி மறு கண்ணால் பாருங்கள். ஒரு கண்ணில் மட்டும் கூடுதலாக இருந்தாலும் சரி, இரண்டிலும் இருந்தாலும் சரி, அன்றே கண் மருத்துவரிடம் நேரம் கேளுங்கள்.

என் அப்பா இரண்டு வருடம் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். செய்தித்தாளில் நாலு வரி படிப்பார், கழற்றுவார், துடைப்பார், மறுபடி மாட்டுவார். "இந்த லென்ஸே சரியில்லைடா" என்பார். நானும் நம்பி ஒருமுறை லென்ஸ் மாற்றிக் கொடுத்தேன். கழுவக் கற்றுக்கொண்ட பிறகு அவர் கண்ணாடியையும் நானே கழுவிக் கொடுத்து, புள்ளி தெரிகிறதா என்று கேட்டேன். தெரியவில்லை என்றார். அப்போதுதான் மருத்துவரிடம் கூட்டிப்போனேன். இரண்டு கண்ணிலும் புரை. அறுவை சிகிச்சை முடிந்து, இரண்டு கண்ணும் தெளிந்த பிறகு ஒருநாள் பழைய கண்ணாடியை மேசையிலிருந்து எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார். "இதில் ஒன்றுமே இல்லையேடா" என்றார்.