சீனர், ஜப்பானியர், கொரியர் இடையே ஏன் இன்னும் இவ்வளவு கசப்பு?

பௌத்தம், கன்ஃபூசிய நெறி, சீன எழுத்து என இத்தனை பொதுவாக இருந்தும் ஏன் ஒட்டவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். தாங்கள் யார் என்று ஒவ்வொரு நாடும் சொல்லிக்கொள்ளும் வரலாற்றிலேயே பக்கத்து நாடு எதிராளியாக வந்துவிடுகிறது என்பதுதான் முக்கியக் காரணம் என்பேன்.

ஆகஸ்ட் 15-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். கொரியர்களுக்கு அது விடுதலை நாள். 1910-இல் தொடங்கிய ஜப்பானிய ஆட்சி 1945-இல் அன்றுதான் முடிந்தது. ஜப்பானில் அதே நாள் போரில் இறந்தவர்களுக்கான அஞ்சலி நாள். அன்று ஜப்பானிய அமைச்சர்கள், போரில் இறந்தவர்களை வணங்கும் டோக்கியோவின் யாசுகுனி ஆலயத்துக்குப் போனால் சியோலும் பெய்ஜிங்கும் கொதிக்கின்றன. போர்க்குற்றம் சாட்டப்பட்ட தலைவர்களும் 1978 முதல் அங்கே வணங்கப்படுகிறார்கள். 1937-இல் ஜப்பானியப் படை நடத்திய நான்ஜிங் படுகொலையை மறக்காத சீனர்களுக்கு இது சாதாரண வழிபாடாகத் தெரியாது.

தென்கொரியாவுடன் செய்த 1965 ஒப்பந்தப்படி 30 கோடி டாலர் மானியமும் 20 கோடி டாலர் கடனும் தந்ததோடு ஆட்சிக்கால இழப்பீட்டுக் கணக்கு தீர்ந்தது என்கிறது ஜப்பான். 2018-இல் தென்கொரிய உச்ச நீதிமன்றமோ, கட்டாய வேலை வாங்கிய ஜப்பானிய நிறுவனங்கள் இழப்பீடு தர வேண்டும் என்றது. மறுவருடமே அது ஜப்பானின் ஏற்றுமதிக் கட்டுப்பாடு, கொரியர்களின் ஜப்பானியப் பொருள் புறக்கணிப்பு என்று முற்றியது.

ஜப்பான் மட்டுமே காரணம் என்றும் சொல்லிவிட முடியாது. இன்றைய வடகொரியாவிலும் வடகிழக்குச் சீனாவிலும் பரவியிருந்த பழைய கோகுர்யோ அரசு யாருடையது, கிம்ச்சி என்ற புளித்த காய்கறி உணவு யாருடையது என்று கொரியர்களும் சீனர்களும் மோதுகிறார்கள்.

எனக்கு மிகவும் வலிப்பது ஜப்பான்வாழ் கொரியர்களின் நிலை. ஜப்பானிய ஆட்சிக்காலத்தில் அவர்களுக்கு இருந்த ஜப்பானியக் குடியுரிமை 1952-இல் போனது. அங்கேயே பிறந்து ஜப்பானிய மொழியே பேசும் பேரப்பிள்ளைகளில் பலர் சட்டப்படி இன்றும் வெளிநாட்டினர்.