ஸ்கேல் நழுவினால் பையன் மந்தமா?

கேள்வி: என் மகன் எங்கள் ஊர் அரசுப் பள்ளியில் நான்காம் வகுப்பு படிக்கிறான். விளையாட்டுப் பீரியடில் சார் ஸ்கேலை மேலிருந்து விட்டுப் பிடிக்கச் சொன்னாராம். இவன் ஒருமுறைகூடப் பிடிக்கவில்லை. ‘மந்தம்’ என்று சொல்லிவிட்டார். அதிலிருந்து அந்தப் பீரியட் உள்ள நாட்களில் காலையிலேயே வயிற்றுவலி என்று சுருண்டு படுத்துவிடுகிறான். மூளையில் ஏதாவது குறை இருக்குமா?
- ஒரு வாசகி, விளாத்திகுளம் அருகே

பதில்: முதலில் அந்த ஸ்கேலைப் பார்ப்போம் அம்மா. 30 செ.மீ. ஸ்கேல் முழுதாக விழ கால் நொடிதான் ஆகும். கண் பார்த்து, மூளை சொல்லி, விரல் மூட பெரியவர்களுக்கே சுமார் 0.2 நொடி வேண்டும். ஒன்பது வயதில் 0.3 நொடியோ அதற்கு மேலோ ஆவது சகஜம். அப்புறம் எப்படிப் பிடிப்பான்? துணிக்கடை மீட்டர் கோலை வைத்துப் பாருங்கள். அதில் 50 செ.மீ. விழவே 0.32 நொடி ஆகும். பத்துத் தடவையாவது விட்டுப் பாருங்கள். முதல் இரண்டு மூன்றைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். மூளை செய்தியைக் கையாளும் வேகம் பதின்ம வயது வரை கூடிக்கொண்டேதான் போகும். இதை வைத்து அறிவை அளப்பது சரியில்லை.

கிராமத்துப் பிள்ளை என்பதால் கை மெதுவாகிவிடாது. ஆனால் ரத்தசோகை, தூக்கக் குறைவு, வெறும் வயிறு மூன்றும் எந்த ஊர்ப் பிள்ளையையும் மெதுவாக்கும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஹீமோகுளோபின் பாருங்கள். இந்த வயதில் 11.5 கிராமுக்குக் கீழே இருந்தால் ரத்தசோகை. பள்ளியில் தரும் குடற்புழு மாத்திரையைத் தவறவிடாதீர்கள். கண்ணையும் காதையும் சோதித்துவிடுங்கள். இரவு சீரியல் முடியும்வரை அவனும் விழித்திருக்கிறானா? குறைந்தது ஒன்பது மணி நேரத் தூக்கம் வேண்டும்.

வயிற்றுவலி நடிப்பில்லை. பயம் வந்தால் குடல் நிஜமாகவே இறுகும், வலிக்கும். திட்ட வேண்டாம், அதற்காக வீட்டிலேயே வைத்துக்கொள்ளவும் வேண்டாம், பயம் இன்னும் ஊறிப்போகும். நீங்களே போய் சாரிடம் பேசுங்கள். சண்டைக்கு அல்ல, எல்லார் முன்னாலும் அந்த ‘மந்தம்’ மட்டும் வேண்டாம் என்று கேளுங்கள். பெரும்பாலான ஆசிரியர்கள் புரிந்துகொள்வார்கள்.

வலி தூக்கத்திலிருந்து எழுப்பினாலோ, வாந்தி, காய்ச்சல், எடை குறைதல் இருந்தாலோ மட்டும் பயம்தான் காரணம் என்று விட்டுவிடாமல் உடனே டாக்டரிடம் காட்டுங்கள்.