செவ்வாய்பேட்டை வீடு: அடுப்படிச் சுவரை முழுசாக எடுக்கலாமா?

அடுப்படியில் ரெண்டு பேர் நின்றாலே இடித்துக்கொள்கிறோம், சுவரை முழுசாக எடுத்துவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். முழுசாக எடுக்காதீர்கள். அடுப்படிக்கும் சாப்பாட்டு அறைக்கும் நடுவில் இருப்பது 9 அங்குலச் செங்கல் சுவர், மேலே மாடி அறையும் இருக்கிறது என்கிறீர்கள், அப்படியென்றால் அது பெரும்பாலும் பாரம் தாங்குகிற சுவர்தான். 4 அடிக்கு ஒரு திறப்பு, அதற்கு மேலே கான்கிரீட் லிண்டல் (திறப்புக்கு மேலுள்ள சுவரைத் தாங்குகிற விட்டம்), அது போதும்.

அப்படி இடித்துக்கொள்வதற்கு, நீங்கள் போட்டிருக்கிற படத்தைப் பார்த்தால், சுவரைவிடப் பின்வாசல் கதவுதான் காரணம் என்று தோன்றுகிறது. துணி காயப்போட, மோட்டார் போட என்று வீட்டில் எல்லோரும் அடுப்புக்கும் சிங்குக்கும் நடுவில் புகுந்துதான் போகிறார்கள், சமைப்பவர் ஒவ்வொரு தடவையும் கொதிக்கிற பாத்திரத்தோடு ஒதுங்க வேண்டியிருக்கிறது. அந்த நெரிசல் குறைய, முதலில் ஃப்ரிட்ஜைச் சாப்பாட்டு அறைப் பக்கம் நகர்த்துங்கள்.

இடிக்கும் முன்னால் இவ்வளவு பாருங்கள்:

1. புது சமையல் மேடையைத் தரையில் சாக்பீஸால், சுவரிலிருந்து 2 அடி அகலத்துக்கு வரைந்து, எதிரே மூன்றரை அடியாவது நடக்க இருக்கிறதா என்று அளந்து, அப்படியே ஒரு நாள் சமைத்துப் பாருங்கள்.

2. மாடியில் அதே இடத்தில் சுவர் நிற்கிறதா? பழைய மெட்ராஸ் டெரஸ் கூரை (மர உத்தரங்கள் மேல் செங்கல் அடுக்கிச் சுண்ணாம்பு போட்டது) என்றால், அந்த உத்தரங்கள் எந்தச் சுவரில் உட்கார்ந்திருக்கின்றன என்றும் பாருங்கள்.

மேஸ்திரி சொல்வதை மட்டும் நம்ப வேண்டாம், ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் ஒருவர் நேரில் பார்த்த பிறகுதான் சுவரில் கை வைக்க வேண்டும், அதுவும் முட்டுக் கொடுத்துவிட்டு. அப்புறம், திறப்பு வைத்தால் தாளிக்கிற நெடி ஹால் வரைக்கும் வரும், சிம்னிக் குழாயை வெளியே விட இப்போதே இடம் விட்டுவிடுங்கள்.