மூக்கும் முகூர்த்தமும்

கேள்வி: மகளுக்கு 24 வயது. ஐப்பசியில் கல்யாணம், இன்னும் மூன்று மாதம்தான் இருக்கிறது. பெண் பார்க்க வந்த மாப்பிள்ளையின் அத்தை, "மூக்கு கொஞ்சம் அகலம்" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து மகள் மூக்கு ஆபரேஷன் என்றே நிற்கிறாள். செய்யலாமா?
- ஒரு தாய், சாட்ஸ்வொர்த், தென்னாப்பிரிக்கா

பதில்: இந்த ஐப்பசிக்கு வேண்டாம், அம்மா. மூக்கின் மேல் போடும் கட்டு ஒரு வாரத்தில் எடுக்கப்படும். கண்ணைச் சுற்றிக் கன்றிப்போனது இரண்டு வாரத்தில் மறையும். ஆனால் மூக்கு நுனியின் வீக்கம் முழுக்க வடிய ஒரு வருடம் பிடிக்கும். தோல் தடிப்பாக இருந்தால் அதற்கும் மேலே. மணவறையில் உட்காரும்போது மூக்கு முன்பைவிட உருண்டு தெரியலாம்.

அகலத்தைக் குறைக்க, நாசித் துவாரங்களின் அடியோரத்தில் சிறு துண்டு வெட்டித் தைப்பார்கள். அளவு மீறி வெட்டினால் துவாரம் சுருங்கி மூச்சு திணறும். வெட்டியதைத் திரும்ப உண்டாக்குவது மிகக் கடினம். நம் நிறத்துத் தோலில் தழும்பு மேடிட்டு வளரும் கீலாய்டும் வெள்ளைத் தோலைவிட அதிகம். மகளின் காதுத் துளை, மூக்குத்தித் துளை, பழைய காயத் தழும்புகளைத் தடவிப் பாருங்கள். எங்காவது மேடு தட்டினால் டாக்டரிடம் முதலில் அதைச் சொல்லுங்கள்.

அவளிடம் தனியாக ஒன்று கேளுங்கள்: "இந்தக் கல்யாணமே இல்லையென்றாலும் மூக்கை மாற்றிக்கொள்வாயா?" ஆம் என்றால் அடுத்த வருடம் பார்க்கலாம். டாக்டர் பிளாஸ்டிக் சர்ஜரி நிபுணரா என்பதைச் மருத்துவர்களைப் பதிவு செய்யும் சுகாதாரத் தொழில் கவுன்சிலின் பதிவேட்டில் சரிபாருங்கள். அழகுக்காகச் செய்யும் ஆபரேஷனுக்கு மெடிக்கல் எய்டு என்னும் மருத்துவக் காப்பீடு பொதுவாகப் பணம் தராது.

இல்லை என்றால், பேச வேண்டியது அந்த அத்தையிடம். நிறவெறி ஆட்சியில், 1950-ன் மக்கள் பதிவுச் சட்டம் தோற்றத்தைப் பார்த்து மனிதரை இனவாரியாகப் பிரித்த நாடு இது. அந்தச் சட்டம் 1991-ல் ஒழிந்தது. அதே அளவுகோலை நம் வீட்டுக் கூடத்தில் நாமே எடுத்து வைப்பது கொடுமை. அவள் மூக்கு அவள் பாட்டிமார் மூக்குத்தி போட்ட மூக்கு.

கேள்வி: முகம் வெளுக்க, லேபிள் இல்லாத கிரீமை இரண்டு வருடமாகப் பூசுகிறேன். இப்போது கன்னத்தில் கருநீலத் திட்டு. இன்னும் அதிகம் பூசலாமா?
- ஒரு வாசகி, ஃபீனிக்ஸ், தென்னாப்பிரிக்கா

பதில்: கூடவே கூடாது, தங்கச்சி. இது, தோலை வெளுக்க வைக்கும் ஹைட்ரோகுவினோன் என்ற மருந்து நாள்பட உள்ளே போனதால் தோல் கருநீலமாகும் ஓக்ரோனோசிஸாக இருக்கலாம். கறுக்கிறதே என்று மேலும் பூசினால் மேலும் கறுக்கும். வெயில் பட்டால் இன்னும் மோசம். அழகுப் பொருள்களில் ஹைட்ரோகுவினோனை நம் அரசு 1990-லேயே தடை செய்தது. ஆனாலும் கள்ளத்தனமாக விற்கிறார்கள். அந்தக் கிரீமில் ஸ்டீராய்டும் கலந்திருந்தால், நிறுத்தியதும் முகம் சிவந்து பரு கிளம்பும். அதைப் பார்த்துப் பயந்துதான் பலர் மறுபடி பூசுகிறார்கள். அதனால் இந்த வாரமே தோல் டாக்டரிடம் போங்கள். மிச்சக் கிரீமை எறியாமல் டப்பாவோடு எடுத்துப் போங்கள். வெளியே போனால் எஸ்.பி.எஃப் 30-க்குக் குறையாத சன்ஸ்கிரீன் போட்டு, இரண்டு மணிக்கொருமுறை மறுபடி பூசுங்கள்.